ஒரு சிறு ரப்பர்ச் சக்கரம்

எங்கள் ஊரில் என் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இன்றைய இளைஞர் பலர் விழிப்பார்கள். ‘செட்டுக்காரர் வீடு’ என்று கேட்டால் சிறு பிள்ளையும் கைகாட்டிவிடும். 1968 முதல் 1986 வரை சுற்று வட்டாரத்தில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எது நடந்தாலும் அங்கே கம்பம் நட்டு, உச்சியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, நான்கு ஊர் கேட்கப் பாட்டுப் போட்டவர் அவர். அந்தத் தொழிலின் மிச்சமாக வீட்டு மச்சில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. அதற்குள் இருந்தது இசைத்தட்டைச் சுழற்றும் கருவி. ‘பிளேயர்’ என்பார் தாத்தா.

2024 மே விடுமுறையில் அந்தப் பெட்டியைக் கீழே இறக்கினேன். இயற்பியல் படிக்கிறோம் என்ற செருக்கும், விடுமுறையில் வேறு வேலை இல்லாமையுமே காரணங்கள்.

“வேண்டாம்யா. அது கெட்டுப்போன சாமான். அவன் கெடுத்துட்டான்” என்றார் தாத்தா.

“யாரு தாத்தா?”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மீதியை ஆச்சிதான் சொன்னாள்.

1986ஆம் ஆண்டு ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு புறப்படும் நேரம். வழக்கம்போல் முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டை வைத்திருக்கிறார்கள். அந்த வெண்கலக் குரலை அறியாதவர் நம்மில் யார்? அன்று அது காய்ச்சல்காரன் முனகுவதுபோல் இழுத்துக்கொண்டு இறங்கிற்றாம். பெண் வீட்டார் அபசகுனம் என்றார்கள். பேசிய கூலியில் பாதிதான் கிடைத்தது. தாத்தாவுக்கு உதவியாக இருந்த பத்தொன்பது வயது இளைஞர் வேகக் குமிழைக் கண்டபடி திருகிவிட்டார் என்று சொல்லி, பந்தலில் அத்தனை பேர் முன்னிலையில் தாத்தா அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவர் அன்றிரவே போனவர்தான். தாத்தாவும் பெட்டியை மூடியவர் பிறகு திறக்கவில்லை. கொஞ்ச நாளில் தொழிலையும் விட்டுவிட்டார். அந்த உதவியாளர் இப்போது சாத்தூரில் கடை வைத்திருக்கிறார். அவர் பெயரை அச்சில் போட நான் அனுமதி கேட்கவில்லை. ஆகவே சாத்தூர்க்காரர் என்றே குறிப்பிடுகிறேன்.

பெட்டியைத் திறந்தேன். 16, 33, 45, 78 என்று நான்கு வேகங்கள் பொறித்த குமிழ், 33இல் நின்றது. அதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

இக்கருவியின் உள்ளமைப்பை நண்பர்கள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். இசைத்தட்டைத் தாங்கும் கனத்த உலோக வட்டை மேலே தூக்கினால், கீழே மோட்டாரின் தண்டு தெரியும். தண்டின் தலையில் படிப்படியாகப் பருமன் மாறும் ஒரு சிறு உருளை. அதற்கும் வட்டின் உட்புற விளிம்புக்கும் இடையே, இரண்டையும் தொட்டுக்கொண்டு, விளிம்பில் ரப்பர் பூட்டிய ஒரு சக்கரம். மோட்டார் உருளை சக்கரத்தை உருட்டுகிறது. சக்கரம் வட்டை உருட்டுகிறது. பல் இல்லை, சங்கிலி இல்லை. ரப்பரின் பிடிமானம் ஒன்றே எல்லாம். குமிழைத் திருகினால் சக்கரம் மேலும் கீழும் நகர்ந்து வேறொரு படியைத் தொடும்; வேகம் மாறும். அணைத்தால் சக்கரம் உருளையைவிட்டு விலகி நிற்கும். 1950களில் இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் செய்யப்பட்டு, இன்றும் இசைப்பிரியர்கள் தேடி அலையும் கேரார்டு 301 என்னும் கருவியும் இந்த முறையில்தான் சுழல்கிறது. வார் போட்டுச் சுழற்றும் கருவிகளும், மோட்டாரே நேரடியாகச் சுழற்றும் கருவிகளும் பின்னர் பெருகின. எங்கள் வீட்டுப் பெட்டி பழைய ரகம்.

முள்ளைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. ஒலிபெருக்கிக்கு நண்பன் ஒருவனிடம் கடன். அவை வேறு கதை. தட்டு சுழன்றது, பாட்டும் வந்தது. கூடவே ‘தொம், தொம்’ என்று ஒரு தட்டல். வட்டின் விளிம்பில் சிறு காகிதத்தை ஒட்டி வைத்து எண்ணினேன். வட்டு ஒரு முறை சுற்றிவர ஐந்து தட்டல்கள். இசைத்தட்டிலோ வட்டிலோ குறை இருந்தால் சுற்றுக்கு ஒரு முறைதானே கேட்க வேண்டும்? வட்டின் உள்விளிம்பு 20 சென்டிமீட்டர் விட்டம். ரப்பர்ச் சக்கரம் 4 சென்டிமீட்டர். வட்டு ஒரு சுற்று வருவதற்குள் சக்கரம் ஐந்து சுற்று வந்துவிடும். திருடன் அகப்பட்டான்!

கழற்றிப் பார்த்தேன். கிளிப்பை எடுக்கையில் சுண்டைக்காயினும் சிறிய வாஷர் ஒன்று பறந்து போய், அதைத் தேடுவதில் ஒரு முற்பகல் கழிந்தது. சக்கரத்தின் ரப்பர் விளிம்பில் ஓரிடத்தில் நகம் பதிந்தாற்போல் ஒரு பள்ளம். அன்றிரவு கோபத்தில் மூடும்போது குமிழை அணைக்கவில்லை. அதனால் 38 ஆண்டுகள் மோட்டார் உருளை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மற்றப் பகுதியெல்லாம் கண்ணாடிபோல் பளபளப்பு. ரப்பர் பளபளத்தால் அதற்குப் பிடிமானம் போயிற்று என்று பொருள். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் மெல்ல மெல்லத் தாக்கி அதை இறுகச் செய்துவிடுகின்றன.

வட்டின் வேகத்தையும் அளந்தேன். நிமிடத்திற்கு 33⅓ சுற்று வரவேண்டியது 31க்கும் 32க்கும் இடையே தடுமாறியது. இசை பயின்ற தோழியர் அறிவர்: ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சுரத்தானங்களாகப் பிரிக்கிறோம். வேகம் ஏறக்குறைய 6 விழுக்காடு குறைந்தால் பாட்டு முழுவதும் ஒரு சுரத்தானம் கீழே இறங்கிவிடும். 33⅓க்கு அந்தக் கணக்கு 31½ சுற்று. அதாவது, கல்யாணப் பந்தலில் கேட்ட அதே முனகல் இன்றும் பெட்டிக்குள் இருந்தது.

பழுது பார்க்கத் தொடங்கினேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் சக்கரத்தையும் மோட்டார் உருளையையும் வட்டின் உள்விளிம்பையும் துடைத்தேன். பஞ்சு காப்பி நிறமாயிற்று. பின் சக்கரத்தை ஒரு போல்ட்டில் கோத்துத் துளைக்கருவியில் சுழலவிட்டு, நைஸான உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி மெல்லத் தொட்டேன். பளபளப்பு போய்க் கரி நிறம் வந்தது. பிடிமானம் சற்று மீண்டது, தட்டல் குறையவில்லை. பள்ளம் மறையும்வரை தேய்த்தால் ரப்பரே மிஞ்சாது.

அதற்குள் வகுப்புத் தோழன் ஒருவன் ஊட்டியிலிருந்து விண்டர்கிரீன் தைலம் கொண்டுவந்தான். நீலகிரியில் வளரும் ஒரு செடியின் இலையிலிருந்து வடிப்பது. அதிலுள்ள மீதைல் சாலிசிலேட் இறுகிய ரப்பரை இளக்கும். வலிநிவாரணத் தைலங்களில் மணப்பதும் அதுவே. ஸ்பிரிட்டில் கொஞ்சம் கலந்து பூசினேன். வீடெங்கும் அந்த வாடை.

“சக்கரத்துக்கு மூட்டுவலியா?” என்றார் தாத்தா. இந்த வேலையில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ரப்பர் இளகியது உண்மை. சில நாளில் மீண்டும் இறுகியதும் உண்மை.

பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பழைய எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் உள்ளே ஊறியிருக்கிறது என்று எண்ணி, சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்ரோல் எடுத்து அதில் சக்கரத்தை இரவெல்லாம் ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் ரப்பர் உப்பிப் புடைத்து, தோசை ஓரம்போல் நெளிந்து, உலோகத்தைவிட்டுப் பாதி கழன்று நின்றது. இருந்த ஒரே சக்கரம்! தாத்தா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லூரி திறந்ததும் வேதியியல் ஆசிரியரிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். இயற்கை ரப்பர் பெட்ரோலையும் எண்ணெயையும் உறிஞ்சி உப்பும் இயல்புடையது. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தக் கண்டுபிடித்தாரே, அவ்வாறு பதப்படுத்திய ரப்பரும் இதற்குத் தப்பாது; கரைந்து போகாது என்பதுதான் வேறுபாடு. “பெட்ரோல் ஒரே இரவில் செய்ததை மிஷின் எண்ணெய் மெதுவாகச் செய்யும். மேலே எண்ணெய் பட்டால் வழுக்கவும் செய்யும்” என்றார்.

மிஷின் எண்ணெய்! வீடு திரும்பி மோட்டாரைப் பார்த்தேன். தண்டின் அடியிலிருந்து உருளையின் தலைவரை பழுப்பு நிறத்தில் எண்ணெய் காய்ந்து படிந்திருந்தது. ஒரு சொட்டுக்குப் பதில் பத்துச் சொட்டு விட்டிருந்தால்தான் அவ்வளவு ஏறும்.

“தாத்தா, மோட்டாருக்கு எண்ணெய் யார் விடுவாங்க?”

“நாந்தான். வெள்ளிக்கெழம தவறாது. தொழில் பண்ற சாமான்யா, காய விடலாமா?”

நான் சொல்ல வேண்டாமென்றுதான் நினைத்தேன். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போலும். அவரே கேட்டார், சொன்னேன். எண்ணெய் உருளை மீது ஏறி, ரப்பரில் பட்டு, சக்கரம் வழுக்கியிருக்கிறது. அவர் உடனே ஒப்பவில்லை. “குமிழத் திருகினா மட்டும் இறங்காதா?” என்றார்.

இறங்கும். ஆனால் எவ்வளவு? 33க்குக் கீழே இருக்கும் ஒரே வேகம் 16⅔, சரிபாதி. அதில் வைத்தால் குரல் ஒரு முழு ஸ்தாயி இறங்கி, பாட்டென்றே தெரியாத உறுமலாகிவிடும். 45, 78 என்றால் கீச்சுக்குரலாக ஏறும். கொஞ்சமாக இறங்குவதற்குக் குமிழில் வழியே இல்லை.

“அன்னைக்குக் கொஞ்சமாத்தான் இறங்குச்சு” என்றார் தாத்தா. நெடுநேரம் கழித்து, “குமிழு எதுல இருந்துச்சு, நீ தெறக்கும்போது?” என்றார்.

“33ல.”

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று ஆச்சி என்னைக் கடிந்துகொண்டாள்.

புதுச் சக்கரத்துக்கு எங்கே போவது? விடை சிவகாசியில் கிடைத்தது. அங்கே அச்சு இயந்திர உருளைகளுக்கு ரப்பர் போர்த்திக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. “ஆள் ஒசர உருளைக்கு ரப்பர் போடுற எடத்துல இத்துனூண்டு சக்கரமா தம்பி!” என்று பட்டறைக்காரர் சிரித்தாலும், தட்டாமல் வாங்கிக்கொண்டார். பழைய ரப்பரைச் சீவி எடுத்து, உலோகத்தைச் சுரண்டி, பசை தடவி, பச்சை ரப்பரைச் சுற்றி, துணிப்பட்டையால் இறுகக் கட்டி, நீராவியில் வேகவைத்து, பின் லேத்தில் சாணைக்கல் வைத்து வட்டமாகத் தேய்க்கிறார்கள். அச்சு மையில் எண்ணெய் இருப்பதால் அவர்கள் போடுவது நைட்ரைல் ரப்பர். எண்ணெய்க்கு எளிதில் உப்பாது. எங்கள் தாத்தாவின் வெள்ளிக்கிழமைகளுக்கு ஏற்ற ரப்பர் எனலாம். கூலி 250 ரூபாய்.

வாங்கி வந்து அளந்தால் 40 மில்லிமீட்டருக்குப் பதில் 41! மறுபடியும் கெட்டது குடி என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு தாளும் பேனாவும் எடுத்தேன். தொட்டு உருளும் சக்கரங்களின் விளிம்பு வேகம் வழுக்கல் இல்லாதவரை ஒன்றே. மோட்டார் உருளையின் விளிம்பு நொடிக்கு எவ்வளவு நகருமோ, அவ்வளவே நடுச்சக்கரத்தின் விளிம்பும், அவ்வளவே வட்டின் விளிம்பும் நகரும். கணக்கில் நடுச்சக்கரத்தின் அளவு இருபுறமும் அடிபட்டுப் போகிறது! மோட்டார் நிமிடத்திற்கு 1400 சுற்று என்று கொண்டால், 20 சென்டிமீட்டர் வட்டை 78இல் சுழற்ற உருளை ஏறத்தாழ 11 மில்லிமீட்டரும், 33⅓இல் சுழற்ற 5க்குச் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். நடுச்சக்கரம் 40 ஆனாலென்ன, 41 ஆனாலென்ன? வட்டமாக இருக்க வேண்டும்; வழுக்கக் கூடாது. முதலாண்டில் இந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். புரிந்தது அன்றுதான்.

சரிபார்க்க ஒரு காகித வட்டம் வரைந்தேன். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பழைய சோக் போட்ட குழல்விளக்கு அதில் நொடிக்கு 100 முறை மினுக்கும். 33⅓ வேகத்துக்கு 180 கோடுகள் வேண்டும். பாகைமானியில் இரண்டு பாகைக்கு ஒரு கோடு; எவ்வளவு வசதி பாருங்கள். புதிய எல்.இ.டி. பல்பின் கீழ் வைத்தபோது கோடுகள் ஒன்றாகக் குழம்பின. மாட்டுத் தொழுவத்துப் பழைய குழல்விளக்கின் கீழ் கொண்டுபோய் வைத்தேன். வட்டு சுழல, கோடுகள் எழுதி வைத்தாற்போல் அசையாமல் நின்றன. முள்ளை வைத்தும் நின்றன. மோட்டாருக்கு நான் விட்டது ஒரே சொட்டு.

தாத்தாவை அழைத்தேன். அவர் கோடுகளைப் பார்க்கவில்லை. பெட்டியின் விளிம்பில் ஒரு விரலை வைத்து, தலையைச் சாய்த்து, அதிர்வைப் பார்த்தார். தட்டல் இல்லை.

“பாட்டு வைக்கட்டுமா?”

“இரு” என்றார். “மூடி வை. நாளைக்குச் சாத்தூருக்கு எத்தனை மணிக்கு பஸ்சு?”

பெட்டி கனமானது. ஆயினும் பேருந்தில் அதைத் தாத்தாவே மடியில் வைத்துக்கொண்டார். சாத்தூர்க்காரருக்கு இப்போது 57 வயது. கடை வாசலில் தாத்தாவைக் கண்டதும் எழுந்து நின்றார். தோள் துண்டை எடுக்கப்போன கையைத் தாத்தா பிடித்துக்கொண்டார். இருவரும் சற்றுநேரம் மழையைப் பற்றியும் வெள்ளாமையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு தாத்தா சொன்னார்: “எண்ணெ நாந்தான் அதிகமா விட்டிருக்கேன். பேரப்பிள்ள கண்டுபிடிச்சான்.”

அவர் பதில் சொல்லவில்லை. பெட்டியைக் கல்லாமேசை மீது தூக்கி வைத்துத் திறந்தார். பிள்ளையார் பாட்டுத் தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பை மட்டும் இரு உள்ளங்கைகளால் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துத் தூசி பார்த்தார். 38 ஆண்டுகளாகத் தொடாத கை என்று யாரும் சொல்ல முடியாது. தட்டை வைத்தார். குமிழைத் திருகும்முன் தாத்தாவை ஒருமுறை பார்த்தார்.

“33தானே அண்ணாச்சி?” என்றார்.