மெரூன் நூல்

முளகுமூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் 27 வருஷத்துக்கு முந்திய மெரூன் ஸ்வெட்டர். குன்னூரில் டீச்சராக இருந்த அத்தை, நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் பின்னிக் கொடுத்தது. மதுரை வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இரவு பஸ்களில் போட்டுப் போட்டே முழங்கை இரண்டும் பிய்ந்துபோனது. அத்தை காலமாகி எட்டு வருஷமாகிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை, போட்டுக்கொள்ளவும் முடியவில்லை. "எங்கம்மாகிட்ட கொண்டு வா, அவிழ்த்து வேற ஏதாவது போட்டுத் தருவாங்க" என்றான் நண்பன். அக்கா மகளுக்கு டொராண்டோவில் பெண் குழந்தை பிறந்திருந்த சமயம். குழந்தைக்கு ஒரு தொப்பி என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

நண்பன் வீட்டு முற்றத்தில் கொடி கட்டி ரப்பர் ஷீட்டுகளைக் காயப் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். ஸ்வெட்டரை வாங்கியதும் முகர்ந்து பார்த்தார். பிறகு முழங்கைக் கிழிசலில் தொங்கிய இழையில் விரல் நீளம் வெட்டி, தீக்குச்சி கிழித்துக் கொளுத்தினார். முடி கருகும் நாற்றம். மிச்சத்தை விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிர்ந்தது.

"அசல் கம்பிளி மக்ளே. சீப்பு நூலுன்னா உருகி மணி மாதிரி கட்டியாயிரும்."

அவிழ்ப்பதை எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியாது. அடிப் பட்டையில் நூலைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார். முதலில் போட்ட கண்ணியிலிருந்து இழுத்தால் சிக்குமாம். கடைசியாகப் போட்டது கழுத்துப் பட்டை என்பதால் அங்கேதான் முடிச்சைத் தேட வேண்டும். தேடி, நறுக்கி, இழுத்தார். அதற்குப் பிறகு சர்ரென்று வரிசை வரிசையாக ஓடி வந்தது. அத்தை எத்தனை இரவுகள் உட்கார்ந்து போட்டாளோ, ஒரு மணி நேரத்தில் உடம்புப் பகுதி காலி.

இடது கைக்கு வந்தபோது நிறுத்தினார். "இங்க பாருங்க. நூலு தீந்து வேற வாங்கியிருக்கா. சாயம் அரைமாத்து கொறவு." வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. மணிக்கட்டுப் பக்கம் நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. இத்தனை வருஷம் போட்டவன் நான், ஒரு நாளும் கவனித்ததில்லை. பத்து நிமிஷம் தொட்டுப் பார்த்தவர் சொல்லிவிட்டார்.

அவிழ்த்த கம்பளி சுருள் சுருளாக, நூடுல்ஸ் மாதிரி இருக்கும். அப்படியே பின்னினால் சமமாக வராது. இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு அவற்றைச் சுற்றி நூலை ஓட்டி, நாலு இடத்தில் கட்டி, பச்சைத் தண்ணீரில் நனைத்து, ரப்பர் ஷீட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டார். அடியில் கனத்துக்கு ஒரு செம்பு. மறுநாள்தான் காயும். அதனால் அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். கிழங்கும் மீன்கறியும் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவின் அம்மா ரேந்தை பின்னியவர். லேஸ் என்று இப்போது சொல்வதற்கு இந்தப் பக்கத்துப் பழைய பெயர் ரேந்தை. போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. உருண்டைத் தலையணை மீது வரைபடத் தாளை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, ஜோடி ஜோடியான மரக் குச்சிகளில் சுற்றிய நூலைக் குறுக்கே மாற்றியும் முறுக்கியும் பின்னுவது அது. 1819இல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, தன் விடுதிப் பள்ளிப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்ட பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். இங்கே சாணார் பெண்கள் எல்லோரும் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசு ஆணை பிறந்தது 1859இல்தான், அதுவும் மேல்சாதியார் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. மேலாடைக்கே கட்டுப்பாடு இருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் உடுப்புக்கு ஓரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியத்திலிருந்து மேரி லூயிஸ் தெ மீஸ்டர் என்ற கன்னியாஸ்திரி வந்து ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்க ஆரம்பித்தார். பெல்ஜியமும் லேசுக்குப் பேர்போன நாடு. ஊசி வேலை இந்த ஊரில் ஊன்றியதில் வியப்பில்லை.

அம்மா ரேந்தைக்குப் போகவில்லை. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய முதல் ஊசி குடைக்கம்பி; நுனியை அராவிக் கொக்கி வைத்துக் கொடுத்தவர் அவருடைய அப்பா. இப்போது கடையில் வாங்கிய ஊசிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. குடைக்கம்பியும் அதே டப்பாவில்தான்.

ஸ்வெட்டர் பின்னலில் கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்று நழுவினால் கீழே வரை ஓடிவிடும். குரோஷாவில் ஊசியில் நிற்பது ஒரே ஒரு வளையம். அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே போட்டுவிட்டு ஓடலாம். வீட்டு வேலைக்கு நடுவே செய்ய இதைவிடத் தோதான வேலை கிடையாது. அதுவே இதன் தரித்திரமும். ஆந்திராவில் கோதாவரிக் கரை நரசாபுரத்துக் குரோஷா லேசுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெண்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இலேயே புத்தகம் எழுதிவிட்டார். உலகச் சந்தைக்கு உழைக்கிறவர்களை 'சும்மா வீட்டில் இருக்கிற பொம்பளைகள், பொழுதுபோக்குக்குப் பின்னுகிறார்கள்' என்று சொல்லியே கூலியைக் குறைக்கிறார்கள் என்பது அவர் வாதம். முளகுமூட்டுத் திண்ணையிலும் அந்தச் 'சும்மா' என்ற சொல்தான் காதில் விழுந்தது.

"சும்மாதான இருக்கிய, எனக்கொண்ணு போட்டுத் தாங்கம்பாவ. ஒருத்திக்கு மேசை விரிப்பு போட்டுக் குடுத்தேன், ஒன்றரை மாசம். நூலுக் காசும் தரல்ல. பின்ன ஒரு நாளு அவளுக்க வீட்டுக்குப் போனா, மிக்சிய மூடி வச்சிருக்கா!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையோடு போய் நின்ற நானும் அப்படித்தானே கேட்க வந்திருந்தேன்.

மறுநாள் காலை நூல் நேராகியிருந்தது. "தலை அளவு?" என்றார். அக்காவுக்குப் போன் போட்டு, அவள் டொராண்டோவுக்குப் போட்டு, 38 சென்டிமீட்டர் என்று பதில் வந்தது. "தொப்பி ரெண்டு சென்டி கொறச்சுத்தான் போடணும். இழுத்துக் குடுக்கும், அப்பத்தான் தலையில நிக்கும்." உச்சியில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18, அப்புறம் 24. இந்தக் கணக்கில் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வளரும். கூட்டுவதை நிறுத்தினால் வட்டம் கிண்ணமாகக் குழியும். ஆசைப்பட்டு அதிகம் கூட்டினால் பொரித்த அப்பளம்போல் நெளிந்துவிடும். எண்ணும்போது அவர் உதடுகூட அசையவில்லை. இடது ஆள்காட்டி விரலில் சுற்றிய நூல் மட்டும் ஓடியது. நடுவில் இரண்டு முறை எழுந்து போய்க் கறியைக் கிண்டிவிட்டு வந்தார்.

பேரப்பிள்ளைகள் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஞானஸ்நானத்துக்கு வெள்ளைக் கவுனும் தொப்பியும் இவர் கைவேலைதான். மகள் அயர்லாந்தில் நர்ஸ். அங்கே கடைகளில் எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்டேன். "கெடைக்கும். அதுல எனக்கக் கை இல்லல்லா" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குள் தொப்பி முடிந்தது. கம்பளி குத்தும் என்று உள்ளே பழைய வாயில் துணியை அளவாக வெட்டித் தைத்தார். எவ்வளவு தரட்டும் என்று தயங்கிக் கேட்டேன். காசெல்லாம் வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது, மறைப்பானேன்.

"நூலு உங்களுக்கது. கைக்கூலி நானூறு."

நண்பன் "அம்மா!" என்று கூச்சப்பட்டான். அவர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "எனக்கப் பேத்திக்குப் போட்டா அது குடுக்கது. இது வேல." அவர் சொன்னதுதான் நியாயம். டொராண்டோக் குழந்தைக்கு இது பரிசு என்றால் கொடுக்கிறவன் நான்; அவர் ஏன் கொடுக்க வேண்டும்? ரூபாய் 400 கொடுத்தேன். அதை எண்ணிப் பார்த்துவிட்டு ஊசி டப்பாவிலேயே வைத்தார். மீந்த நூலை மூன்று உருண்டைகளாகச் சுற்றி, வெளிறிய நூலைத் தனி உருண்டையாக்கி, என் பையில் போட்டார்.

தொப்பியோடு ஒரு சீட்டும் வைத்து அனுப்பினேன்: பச்சைத் தண்ணீரில் அலசு, மெஷினில் போடாதே, கொடியில் தொங்கவிடாதே, துண்டின் மேல் பரப்பிக் காயவை. உங்கள் வீட்டிலும் யாரோ கைப்படப் பின்னித் தந்த விரிப்பு ஏதாவது இருந்தால், முதலில் அதை மிக்சியின் மேலிருந்து எடுத்துவிடுங்கள்.