மேலிருந்து தெரியாத வீடுகள்

செல்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து நெடுங்காடு, திருநள்ளாறு பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். ஆளில்லாத வீடுகளைக் கண்டுபிடிப்பது எளிது. பழைய ஓட்டு வீடென்றால் நடுவில் முற்றம் கறுப்புச் சதுரமாகத் தெரியும். ஓடு சரிந்த இடத்தில் பச்சை படர்ந்திருக்கும். பக்கத்தில் வைக்கோல் போர் இருக்காது, வாசலுக்குப் போகும் தடம் மங்கியிருக்கும்.

அப்படி ஒரு வீட்டைக் குறித்துக்கொண்டு கல்லூரி மாணவர்கள் இருவரோடு போன மாதம் போனேன். மிராசுதார் வீடு, பிள்ளைகள் எல்லாரும் சென்னையிலும் வெளிநாட்டிலும். மரத்தூணையும் திண்ணையையும் மாணவர்கள் படமெடுத்துத் தள்ளினார்கள். 'பாரம்பரிய வீடு' என்று போட்டால் லைக் குவியும்தான்.

வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம், உள்ளே போயிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"உள்ளயா? இந்த வீட்டு நெல்ல எத்தன வருசம் அவிச்சிருக்கேன் தம்பி! கொல்லப்பக்கம் மாட்டுக்கொட்டாய் வரைக்குந்தான்."

அப்போது அவர் வீடு எங்கே இருந்தது? கை காட்டிய இடத்தில் வயல். பன்னிரண்டு குடிசைகள் இருந்தனவாம். ஆண்டையின் நிலம். கூலி கூடக் கேட்ட வருடம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

செல்பேசியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு கோடுகூட இல்லை. மண்சுவரும் கீற்றும் இரண்டு மழைக்காலத்தில் கரைந்துவிடும். அதற்குமேல் ஏர் ஓட்டினால் முடிந்தது. பழைய படங்களைத் தேடலாம் என்றால், இவ்வளவு தெளிவான செயற்கைக்கோள் படங்கள் விற்பனைக்கு வந்ததே 1999-க்குப் பிறகு. இடிந்தாலும் மிச்சமிருக்க ஒரு வீட்டுக்குச் செங்கல் வேண்டும், காலடி மண் சொந்தமாக வேண்டும். குடியிருந்த மனையைக் குடியிருந்தவருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971-இல்தான். அதற்கு மூன்றாண்டு முன், 1968 டிசம்பர் 25 இரவு, இங்கிருந்து அதிக தூரமில்லாத கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அங்கேயும் கூலி உயர்வுதான் பிரச்சினை. இன்று நாம் போய் நிற்பது பின்னால் எழுப்பிய நினைவிடத்தின் முன், குடிசை இல்லை.

கைவிடப்பட்ட வீடு என்கிறோமே, அது விட்டுவிட்டுப் போக முடிந்தவர்களின் வீடு. துரத்தப்பட்டவர்களின் வீட்டுக்கு வரைபடத்தில் சொல்லே கிடையாது. சமூகவியல் படிக்கிற தம்பி தங்கைகள் இதைக் கள ஆய்வாகவே எடுக்கலாம். கேமராவைவிட நோட்டுப் புத்தகம்தான் அதிகம் தேவைப்படும்.

தெருவுக்குப் பெயர் என்ன என்று மாணவி கேட்டாள்.

"அவங்க பண்ணக் கொல்லைன்னுவாங்க. நாங்க எங்களுக்குள்ள எலந்தையடின்னுக்குவோம்."

'இலந்தையடி' என்று வயல் நடுவே குறியிட்டோம். வீட்டுக்கு வீடு யார் யார் இருந்தார்கள் என்று பாட்டி சொல்லச் சொல்ல எழுதினாள். ஒன்பது குடும்பங்கள் வந்துவிட்டன. மீதி மூன்றைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போகிறோம்.