வானகரத்துக்காரனின் எடை

வானகரத்தில் கடல் என்றால் மொத்த மீன் மார்க்கெட்தான்; ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். துறைமுகத்துக்குப் போகவேண்டிய பறக்கும் சாலையோ 2012இல் வேலை நின்றுபோய், கூவத்தில் வெறும் தூண்களாக நின்றது.

அந்தத் துறைமுகத்துக்குள்தான் 1911இல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். ரேஸுக்கு ஆள் குறையுதுன்னு நண்பன் கூப்பிட்டான். "எந்த ஊருப்பா?" என்றார் படகு ஓட்டுபவர். "வானகரம் சார்." "அங்க ஏது கடல்?" என்று சிரித்தார். "சரி, எவ்ளோ வெயிட்டு இருப்ப?"

கேள்வியில் அர்த்தம் இருந்தது. கீல் படகுக்கு அடியில், மீனின் துடுப்பைத் தலைகீழாகப் பொருத்தியதுபோல, ஈயமோ இரும்போ தொங்கும். படகு சாயச் சாய அது இழுத்து நிமிர்த்தும். மிச்சத்தை நம் உடம்புதான் நிமிர்த்தணும். காற்று வரும் பக்க விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தோம். நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரமும் போகாது. குறுக்கே வெட்டி வெட்டித்தான் ஏறணும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பாய்க்கு அடியில் குனிந்து மறுபக்கம் ஓடினோம்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன சென்னைப் பெண் நேத்ரா குமணனின் படகில் இந்தக் கீல் எடையும் கிடையாது, ஒற்றை ஆள். தன் உடம்பு ஒன்றுதான் எடை.

நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். இறங்கும்போது அவர் கேட்டார்: "அடுத்த ஞாயிறு வருவல்ல?"

கூவமே எங்க ஊர் ஓரமாத்தான் கடலுக்குப் போகுது. நான் போகமாட்டேனா?