பாதிக்கு வராத ஊசி

கரூரிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2025 மாசியில் ஒரு மத்தியானம், அன்று காலைதான் கைமாறிய 2011 மாடல் சான்ட்ரோவை அந்தச் சாலையில் ஓட்டி வந்தேன். மீட்டரில் 1,12,000 சொச்சம். இடப்பக்கம் காவிரி கூடவே வந்தது. என் கண்ணோ அடிக்கொருதரம் டெம்பரேச்சர் ஊசியிடம் போய்த் திரும்பியது. குளித்தலை தாண்டியும் அது கால்வாசிக்கு மேல் ஏறவில்லை. அந்த வெயிலில், ஏ.சி. போட்டும், வண்டி சூடாகவில்லையே, நல்ல இன்ஜின்தான் வாய்த்திருக்கிறது என்று நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பாலக்கரைப் பக்கம் எனக்குப் பழக்கமான பட்டறையில் வண்டியை விட்டபோது இதைப் பெருமையாகச் சொன்னேன். மெக்கானிக் பாய் கை துடைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

“அது நல்லதில்ல தம்பி. ஊசி பாதிக்குக் கொஞ்சம் கீழ வந்து ஆடாம அசையாம நிக்கணும். வரலைன்னா யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டிருக்காங்க.”

ஹவுசிங்கைத் திறந்தார். உள்ளே இருக்க வேண்டிய வால்வு இல்லை. வழிந்த தண்ணீர் செம்மண் குட்டைத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. கூலன்ட் என்ற பொருளை அந்த இன்ஜின் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

தெர்மோஸ்டாட் ஒரு சின்னச் சாமான். உள்ளே மெழுகு அடைத்த ஒரு குப்பி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கும். 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். ஆனாலும் நம் ஊர்ப் பட்டறைகளில் இதைக் கழற்றிவிடுவது வெகுகாலப் பழக்கம். வண்டி சூடேறுகிறது என்று ஒருவர் வருவார். ஏன் ஏறுகிறது என்று தேடுவதற்குப் பதில் வால்வைப் பிடுங்கி அனுப்பிவிடுவார்கள். காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் ஈரத்துணி போடுகிற வைத்தியம் அது.

ஆகவே இந்த வண்டி எப்போதோ சூடேறியிருக்கிறது, அதை மூடி மறைத்திருக்கிறார்கள். ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் பாதிக் குழாய்களுக்கு மேல் உப்புப் படிந்து அடைத்துக் கிடந்தன. புதுசு போட்டோம். புது தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் பாய் ஒரு காரியம் செய்தார். பழைய ஆயில் டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஸ்டவ்வில் வைத்து, அதை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டார். தண்ணீரில் முத்து முத்தாகக் குமிழி கிளம்பியது. கொதிக்கத் தொடங்குமுன், பித்தளைத் தட்டு மெல்ல நகர்ந்து வாய் திறந்தது. வெளியே எடுத்ததும் ஒரு நிமிஷத்தில் மூடிக்கொண்டது. “இப்ப மாட்டலாம்” என்றார். புதுச் சாமானையும் சோதித்த பிறகே மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது.

விற்றவருக்கு போன் செய்தேன். ஓய்வு பெற்ற மனிதர், பொய் சொல்கிறவர் இல்லை. தெர்மோஸ்டாட் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. “வண்டி ஒரு நாளும் வழியில நின்னதில்லையே தம்பி” என்றார். டைமிங் பெல்ட் மாற்றினீர்களா என்றால் நினைவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் கடைசி முத்திரை 40,000 சொச்சத்தில். அதற்குப் பின் 70,000 கிலோமீட்டருக்கு ஒரு தாளும் இல்லை.

பழைய வண்டி வாங்குகிறவர் அன்றைக்கே மனசில் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான்: செய்ததாகத் தெரியாத வேலை செய்யாத வேலை. ‘மாற்றியிருப்பார்கள்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. இன்ஜின் ஆயில், அதன் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக், கியர் ஆயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் அன்றைய மீட்டர் எண்ணிலிருந்து கணக்கு நம்முடையது.

இருப்பதிலேயே பயமுறுத்துவது டைமிங் பெல்ட். கீழே கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தத் தாளம் தப்பாமல் இரண்டையும் கட்டிவைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. எல்லாக் காரிலும் இது கிடையாது. மாருதியின் கே சீரிஸ் இன்ஜின்களில் சங்கிலி. பெல்ட் உள்ள வண்டி என்றால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவதுதான் பொது வழக்கம். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, ஹெட்டையே இறக்க வேண்டி வரும். பாய் கழற்றிய பெல்ட்டை வாங்கிப் பார்த்தேன். வெளித்தோற்றத்தில் கறுப்பாக, ஒழுங்காகத்தான் இருந்தது. அவர் அதைப் பின்புறமாக மடக்கினார். பற்களுக்கு நடுவே, குதிகாலில் பித்தவெடிப்பு விழுந்த மாதிரி வரிவரியாகக் கீறல்கள். ஓர் ஓரத்தில் ஆயில் ஊறி நெகிழ்ந்திருந்தது. கேம் சீல் கசிந்திருக்கிறது. பெல்ட்டோடு டென்ஷனரையும் சீல்களையும் சேர்த்தே போட்டோம். பிரித்து மாட்டுகிற கூலி எப்படியும் ஒன்றுதானே. அந்தப் பெல்ட்டை நம்பித்தான் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டவிருந்தேன்.

மீட்டர் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. லட்சம் தாண்டிவிட்டது என்று முகம் சுளிக்கிறவர்கள் வண்டியின் வயசைப் பார்ப்பதில்லை. 14 வருஷத்தில் 1,12,000 என்றால் வருஷத்துக்கு 8,000. கொஞ்சம்தான். இரும்பு அதிகம் தேயவில்லை. ஆனால் ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, வெயில் கணக்குத்தான். ஆக்சில் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தது, லோயர் ஆர்ம் புஷ் பிதுங்கியிருந்தது. டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது. பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கத்தைத் தடவிப் பார்த்தால் 0916. 2016-இன் ஒன்பதாவது வாரத்தில் செய்தவை. ஒன்பது வயசான டயர், விரல் நகம் நுழையுமளவு வெடிப்பு. நான்கையும் மாற்றினேன். மொத்தச் செலவில் பெரும்பகுதி அதுதான்.

பெயர் மாற்றத்தையும் இன்ஷூரன்ஸ் மாற்றத்தையும் தள்ளிப்போடக் கூடாது. இன்ஷூரன்ஸுக்கு 14 நாள்தான் கெடு. வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும்.

பிரேக் ஆயில் மாற்றும் அன்று பெடல் மிதிக்க மகள் வந்தாள். பாய் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு “மிதிம்மா… பிடி… விடு” என்று சொல்லிக்கொண்டிருக்க, நிப்பிளிலிருந்து கடுங்காப்பி நிறத்தில் வடிந்தது. போகப் போகத் தெளிந்து, விளக்கெண்ணெய் நிறத்துக்கு வந்தது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்கையில் உள்ளே கொதித்தால் ஆவிதான் மிஞ்சும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதை யாரும் கேட்பதில்லை. பிரேக் பிடிக்கிறதே என்று விட்டுவிடுகிறோம்.

மொத்தம் 31,000 ரூபாய் ஆயிற்று. வண்டி விலை 1,35,000. இருந்த பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட்டு, பட்டறைக்கு அடுத்த தீபாவளி என்று சொல்கிற நண்பர்களை எனக்குத் தெரியும். விலை பேசும்போதே இதற்கென்று ஐந்தில் ஒரு பங்காவது தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

சித்திரையில் அம்மாவைக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் வண்டி முக்கி ஏறியது. ஊசி மெல்ல எழுந்து, பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. இருபதாவது வளைவிலும் அங்கேதான், ஐம்பதாவது வளைவிலும் அங்கேதான்.

“அதையே என்னடா பாத்துக்கிட்டு வர்ற?” என்றாள் அம்மா.

“சூடு சரியா இருக்கும்மா.”

இறங்கும்போது பெடல் கடைசி வளைவு வரை கெட்டியாகவே இருந்தது.