ஆளியின் சம்பவத்திரட்டு

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனச் சங்கத்தார் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருப்பர். யான் எழுதப் புகுந்ததோ ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றி. அன்பர்கள் நகைத்தல் கூடும். ஆயினும் என் பிழையொன்றை எனக்குக் காட்டியது அப்பெட்டியே.

காங்கேசன்துறையில் யான் கற்பிக்கும் பாடசாலையில், ஆளில்லாக் குறையால் கணினி அறையின் பொறுப்பும் என்மேல் வந்தது. அங்குள்ள கணினிகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைப்பது வலையமைப்பு ஆளி. வடங்கள் வந்து பொருந்தும் அதன் வாயில்களுக்குத் துறை என்று பெயர். கப்பல் அணையும் ஊரில் வாழும் எமக்கு அப்பெயர் அந்நியமன்று.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, பாடவேளையில் இணைய இணைப்பு நான்கு முறை அறுந்தது. வெளியிணைப்பு வடம் பத்தாந் தரத்து மாணவனொருவனின் இருக்கையருகே சென்றது. அவன் குறும்பன் எனப் பெயரெடுத்தவன். அவனே காலால் இழுத்தான் எனத் துணிந்து, வகுப்பார் முன்னிலையில் கடிந்துரைத்தேன். "நான் தொடேல்லை, சேர்" என்றான். யான் செவிகொடுத்தேனல்லேன்.

மறுநாள், இத்தொழிலில் உள்ள என் பழைய மாணவர் ஒருவர் வந்து தம் மடிக்கணினியை ஆளியோடு பொருத்தினார். அதிபரின் மேசையிலுள்ள சம்பவத்திரட்டுப் புத்தகம் போல, ஆளியும் ஒரு திரட்டு எழுதிவருவதை அன்றுதான் அறிந்தேன். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'லொக்' என்னும் சொல், கப்பலின் வேகத்தை அளக்கக் கடலில் இட்ட மரக்கட்டையிலிருந்து வந்தது. வரிதோறும் நேரமும், நிகழ்ச்சியும், 0 முதல் 7 வரை ஓர் எண்ணும் இருந்தன. எண் சிறுக்கச் சிறுக்க இடர் பெரிது. 0 பேரிடர், 7 வெறும் நுணுக்கக் குறிப்பு.

வெளியிணைப்புத் துறை விழுந்தது, எழுந்தது என வரிகள் நிறைந்திருந்தன. நாளோ 1993 மார்ச் 1! திகைத்துப் போனேன். 1990இல் ஊரைவிட்டு வெளியேறிய குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. 1993இல் எங்கள் ஒழுங்கையில் விளக்கேற்ற ஒருவருமில்லை, புகைவண்டியுமில்லை. அது மீண்டும் இவ்வூருக்கு வந்தது 2015 சனவரியிலே.

நேரம் அறிவிக்கப்படாத சில ஆளிகள், மின்சாரம் பெற்ற கணத்தை 1993 மார்ச் 1 நள்ளிரவு எனக் கொண்டு எண்ணத் தொடங்குமென அவர் விளக்கினார். மின்சாரம் நின்றால் உள்நினைவிலுள்ள பழைய குறிப்புகளும் அழிந்துவிடும். காவலாளியின் கொப்பியைப் பார்த்தோம். ஞாயிறு மாலை 6 மணிக்கு மின்சாரம் மீண்டதென எழுதியிருந்தது. திரட்டில் முதல் முறிவு 8 மணி 12 நிமிடத்தில். அஃதாவது திங்கள் அதிகாலை 2.12. அறை பூட்டிக் கிடந்த வேளை! வடத்தின் முனையைக் கழற்றினால், கடலின் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

வடத்தை மாற்றிய பின்னர் ஆளியையும் ஒழுங்கு செய்தோம். வலையமைப்பின் வழியே சரியான நேரத்தைப் பெறச் செய்தோம். மின்சாரம் நின்றாலும் அழியாவண்ணம், குறிப்புகள் வேறொரு கணினிக்கும் செல்ல வழிவகுத்தோம். 6ஆம் எண் வரையிலான குறிப்புகளே போதுமென வரையறுத்தோம். 7ஐயும் சேர்த்தால் அற்பச் செய்திகள் பெருகி, வேண்டியவற்றை வெளியே தள்ளிவிடும்.

வியாழக்கிழமை அதே வகுப்பில், அம்மாணவனை எழுப்பி, "தம்பி, பிழை என்னுடையது" என்றேன். அவன் தலைகுனிந்து நின்றான், பின்பு, "அந்தத் திரட்டை எனக்கும் காட்டுவியளோ, சேர்?" என்றான். காட்டினேன். இப்பொழுது திங்கள்தோறும் அதனைப் படித்து எனக்குச் சொல்பவன் அவனே.

இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு நற்சான்றும் தீச்சான்றும் என் நினைவைக்கொண்டே வழங்கிவந்தேன். அந்நினைவுக்கும் நேரம் ஒழுங்காய் அமைக்கப்பட்டிருந்ததோ என இன்று ஐயுறுகின்றேன். ஆசிரியத் தொழிலுக்கு வரும் இளைஞர்க்கு யான் சொல்லக்கூடியது இதுவே: கடிந்துகொள்ளுமுன் திரட்டைப் பாருங்கள்.