கிணற்றடி மாடம்

துளசி வெயிலை நாடும் செடி. நாள்தோறும் போதிய வெயில் படாவிடில் மெலிந்து வாடிவிடும். மதுரையில் ஓர் இல்லத்தின் கொல்லையில் அதுவே நேர்ந்தது. அண்டை வீட்டில் மாடி எழும்பியபின் கிணற்றடி இருண்டது. மதிலில் பாசி படர்ந்தது. மாடத்தில் வைத்த துளசி மூன்று முறை பட்டுப்போயிற்று. மாமியார் 40 ஆண்டுகள் வலம்வந்த மாடமாயிற்றே என்று, அதனைக் கைவிட அவ்வீட்டு மூதாட்டிக்கு மனம் ஒப்பவில்லை.

முடிவில், துளசியை மட்டும் தொட்டியில் நட்டு வாசற்புறத்து வெயிலுக்குக் கொண்டுசென்றனர். மாடம் நின்ற இடத்திலேயே நின்றது. பாசியைத் தேய்த்தகற்றி மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தனர்; ஈரச்சுவருக்கு அதுவே ஏற்றது. அதன்மேல் கோயில் மதில்போலக் காவிப் பட்டைகள் தீட்டினர். மாடத்தின் உச்சியில், அன்னை மீனாட்சியின் கரத்தில் உள்ளதுபோல் சுட்டமண் கிளியொன்று அமர்ந்தது. அடியில் காவியிட்ட கோலம்.

அந்தியில் மாடக்குழியில் அகல் ஏற்றினால், வெண்சுவர் அச்சிறு ஒளியை வாங்கி மூலையெங்கும் பரப்புகிறது. பார்வை மங்கிய மூதாட்டி, பட்டைகளைக் கண்டு, துணையின்றி வந்து வலம்வருகிறார். காலையில் வாசலில் துளசிக்கு நீர். மாலையில் கொல்லையில் மாடத்திற்கு விளக்கு. செடிக்கு ஒவ்வாத இடம் வழிபாட்டுக்கும் ஒவ்வாதது ஆகிவிடாது.