மஞ்சள் விளக்கின் முறைப்பாடு

மோட்டார்க் காரின் மானிப் பலகையில், சாரதியின் கண்ணெதிரே, மஞ்சள் நிறச் சிறு விளக்கொன்று சில வேளைகளில் எரிவதுண்டு. மேற்புறம் திறந்த குதிரை லாடம் போன்ற வடிவும், அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறியும் அதன் அடையாளங்களாகும். எம் மருமகளின் ஏழு வயது மகன் அதனைச் "சட்டிக்குள் விழுந்த ஆச்சரியக்குறி" என்று வருணிப்பான். ரயர் ஒன்றிலே காற்றுக் குறைந்துவிட்டது என்பதே அவ்விளக்குக் கூறும் செய்தி.

எம் மருமகள் ஓர் ஆசிரியை. சாவகச்சேரியிலிருந்து ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சிக்கு நாள்தோறும் காரிற் சென்று வருபவள். உடன் கற்பிக்கும் இருவரும் அவளோடு செல்வர். சென்ற பங்குனியில் ஒரு நாட் காலை இவ்விளக்கு எரியக் கண்டு, வழியிலிருந்த ஒரு கராஜிலே காரை நிறுத்தினாள். அங்கிருந்த இளைஞர் காரை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தார். "காத்தெல்லாம் சரி ரீச்சர், சென்சர்தான் பிழை சொல்லுது" என்று கூறி, சுக்கானின் கீழுள்ள பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தார். விளக்கு அணைந்தது. அவர் காசும் வாங்கவில்லை. பதினொரு நாட்களின் பின் விளக்கு மீண்டும் எரிந்தது.

"மாமா, இந்த லைற்றைக் கழட்டி விட்டால் என்ன?" என்று அவள் எம்மிடம் கேட்டாள்.

நாம் அமுக்கமானியை எடுத்துச் சென்று அளந்தோம். மூன்று ரயர்களில் 31 இறாத்தல் இருந்தது. பின்புறத்து இடப்பக்க ரயரில் 18 மட்டுமே. அதன் பள்ளமொன்றில் ஓர் ஆணி தலைமட்டமாகப் புதைந்து கிடந்தது. இக்காலத்து ரயர்கள் காற்றுக் குறைந்தாலும் அதிகம் சப்பையாகத் தோன்றுவதில்லை. கண்ணாற் பார்த்து "சரி" என்பது ஊகமேயன்றி அளவையன்று. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து மடிந்து நிமிரும். அதனால் உண்டாகும் சூடு, நண்பகல் வெயிலில், வேகமாக ஓடும்போது, ரயரையே கிழித்துவிடக் கூடும். மூவர் ஏறிய கார் அது என்பதை நினைக்க எமக்கு உடல் சிலிர்த்தது.

அந்தப் பொத்தான் என்ன செய்தது என்பதை வாசகர்கள் அறிதல் வேண்டும். இக்காரில் ரயர்களுக்குள் அமுக்கத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. சில்லுகள் சுழலும் வேகத்தைத் தடுப்புத் தொகுதியின் உணரிகள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. காற்றுக் குறைந்த சில்லின் ஆரை சிறிது குறுகும். ஆதலின் அது மற்றவற்றைவிட விரைவாகச் சுழலும். அவ்வேறுபாட்டைக் கண்டே கார் விளக்கை ஏற்றுகின்றது. பொத்தானை அழுத்துவது, "இப்போதுள்ள நிலையே சரியான நிலை, இதனை மனத்திற் கொள்" என்று காருக்குக் கட்டளையிடுவதாகும். காற்றுக் குறைந்திருக்கையில் அழுத்தினால், குறைந்த காற்றையே அது நியாயமென்று கற்றுக்கொள்ளும். மேலும் பெரிதாகக் குறைந்தாலன்றி வாய் திறவாது. எம் மருமகளின் காரில் நிகழ்ந்தது இதுவே. நான்கு ரயர்களும் ஒருசேரக் காற்றிழந்தால் இவ்வகைக் கார் அதனை உணர்வதும் அரிது.

மற்றொரு வகையில், ஒவ்வொரு சில்லின் வால்விலும் சிறு உணரியொன்று பொருத்தப்பட்டு, அமுக்கத்தை அளந்து வானொலி அலை மூலம் தெரிவிக்கும். இவற்றிற் பலவற்றில், காற்றை நிரப்பிச் சிறிது தூரம் ஓடியதும் விளக்குத் தானே அணையும். உணரியினுள்ளிருக்கும் பற்றரி ஏறக்குறைய 5 முதல் 10 ஆண்டுகள் வரை உழைக்கும். பின்னர் பெரும்பாலும் உணரியையே மாற்ற வேண்டும். 2020 இல் வாகன இறக்குமதி தடைப்பட்டு, 2025 இலேயே கார்களுக்கு மீண்டும் வழி திறந்ததனால், எம் நாட்டில் இத்தகைய முதிய உணரிகள் பல ஓடித் திரிகின்றன. விளக்கு ஒரு நிமிடமளவில் மின்னி மின்னிப் பின்னர் நிலையாக எரிந்தால், குறை காற்றிலன்று, தொகுதியிலேதான் என்று கொள்க. தொடக்கத்திலிருந்தே நிலையாக எரிந்தால் காற்றை அளக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2007 ஆம் ஆண்டிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 ஆம் ஆண்டிலும் புதிய கார்கள் யாவற்றிற்கும் இவ்வேற்பாடு கட்டாயமாயிற்று. அமெரிக்க விதியின்படி, குறித்த அளவிலும் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். அப்படியாயின், 33 இறாத்தல் வேண்டிய ரயர் 26 இல் இருக்கும்போதும் விளக்கு மௌனம் சாதிக்கலாம். மாதமொரு முறை மானி பிடித்துப் பார்க்கும் பழைய வழக்கத்தை இவ்விளக்கு வந்ததென்று கைவிட முடியாது.

அளப்பதாயின் காலையில், கார் ஓடுமுன் அளப்பது நன்று. ஓடிய ரயர் சூடேறி, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எவ்வளவு காற்று வேண்டுமென்பது சாரதியின் கதவை ஒட்டிய தூணில் ஒட்டப்பட்டிருக்கும். ரயரின் பக்கத்திற் பொறித்திருக்கும் எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவாகும்; அதைப் பார்த்து நிரப்புவோரும் எம்மிடையே உளர்.

ஆணியைப் பிடுங்கி, உட்புறமாகப் பஞ்சர் ஒட்டுவித்தோம். மறுநாட் காலை நான்கு ரயர்களையும் 33 இறாத்தலுக்குக் கொணர்ந்து, இயந்திரத் திறப்பைத் திருப்பி, விளக்கு மூன்று முறை மெல்ல மின்னும்வரை மருமகளே பொத்தானைப் பிடித்தாள். அதன்பின் கொடிகாமம் வரை சீரான வேகத்தில் ஓட்டி வந்தோம்; புதிய அளவைக் கார் கற்றுக்கொள்ளச் சிறிது நேர ஓட்டம் தேவை.

திரும்பி வந்ததும் பின்பெட்டியைத் திறந்து மேலதிகச் சில்லையும் அளக்கச் சொன்னோம். அதனை அந்த விளக்குக் கவனிப்பதில்லை. 60 இறாத்தல் இருக்க வேண்டிய அந்த ஒடுங்கிய சில்லில் 22 தான் இருந்தது.